பதினோரு வயதுக்கு முன்பே தொடங்கும் செலவு: இங்கிலாந்தின் இளம் நடனக் கலைஞர்களுக்கான அரசு உதவி – ஒரு நிகழ்வு ஆய்வு

மருத்துவமோ பொறியியலோ படிக்க விரும்பும் மாணவர் தம் தொழிற்கல்வியைப் பதினெட்டு வயதில் தொடங்குகிறார். பாலே ஆட விரும்பும் பிள்ளைக்கு அந்த வயதில் பயிற்சி ஏறத்தாழ முடிந்துபோயிருக்கும். இடுப்பு மூட்டிலிருந்து கால் வெளிப்புறமாகத் திரும்பும் அந்த நிலை எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்திலேயே பழக்கப்பட வேண்டியது என்பதால், பதினோரு வயதில் தீவிரப் பயிற்சி, பதினாறில் தொழில்முறைப் பள்ளி, பதினெட்டு பத்தொன்பதில் ஒரு நடனக் குழுவில் முதல் ஒப்பந்தம் என்பதே ஐரோப்பாவில் வழக்கமான பாதை. அரசுகளின் உயர்கல்வி உதவியோ பெரும்பாலும் பதினெட்டு வயதில்தான் கண் திறக்கிறது. இந்த இடைவெளியை அடைக்க இங்கிலாந்து கடந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் மூன்று தனித்தனித் திட்டங்களை உருவாக்கியது. அவை எப்படி இயங்குகின்றன, யாருக்குப் பயன்பட்டன, எங்கே தவறவிட்டன என்பதே இந்த ஆய்வின் பொருள். ஐக்கிய இராச்சியத்தில் கல்வி அந்தந்தப் பகுதி அரசுகளின் பொறுப்பாதலால், ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் ஏற்பாடுகள் இங்கே பேசப்படவில்லை.

என் கணிப்பைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை எவ்வளவு என்பதைவிட, அது பிள்ளையின் எந்த வயதில் வந்து சேர்கிறது என்பதே கடைசியில் யார் மேடை ஏறுகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது. மூன்று திட்டங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது எதுவோ, அதுவே இதைச் சரியாகப் புரிந்துகொண்டு வடிவமைக்கப்பட்டது.

மாவட்டத்துக்கு ஒரு நீதி

1962-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பட்டப்படிப்பில் சேரும் மாணவருக்கு உள்ளாட்சி மன்றம் கட்டாயம் நிதியளிக்க வேண்டும் என்று வகுத்தது. நடனப் பள்ளிகளின் மூன்றாண்டுப் பயிற்சி பட்டப்படிப்பு அன்று, அவை தனியார் நிறுவனங்கள், வழங்கியது பட்டயம். எனவே அங்கே சேர்ந்த மாணவருக்குக் கிடைத்தது, மன்றம் விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம் என்ற விருப்பநிலை நல்கை மட்டுமே. எழுபதுகளில் பல மன்றங்கள் தாராளமாகக் கொடுத்தன. எண்பதுகளிலிருந்து உள்ளாட்சிச் செலவுக்கு மைய அரசு உச்சவரம்பு விதித்தபோது, வெட்ட எளிதாக இருந்த முதல் இனம் இதுதான். கட்டாயச் செலவில் கை வைக்க முடியாது. விருப்பச் செலவில் வைக்கலாம்.

விளைவு விசித்திரமானது. ஒரே தேர்வில் ஒரே பள்ளிக்குத் தேர்ச்சி பெற்ற இரு மாணவியரில், ஒருத்தியின் வீடு இருந்த மாவட்டம் முழுக் கட்டணத்தையும் செலுத்தும். மற்றவளின் மாவட்டம் ஒன்றும் தராது. பள்ளிகள் தேர்ச்சிக் கடிதம் அனுப்பிய பிறகு, பணம் புரட்ட முடியாமல் இடத்தைத் துறந்தவர்கள் தொண்ணூறுகளில் பலர். அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் இது நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழும் அளவுக்கு முற்றியது.

முதல் கதவு: பதினோரு வயது

இதற்கிடையில், பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கான ஏற்பாடு வேறொரு தடத்தில் போய்க்கொண்டிருந்தது. இன்று இசை நடனத் திட்டம் என்று அறியப்படுவதன் வேர் 1981-இல் உள்ளது. அசாதாரணத் திறமை கொண்ட பிள்ளைகள் சிறப்புப் பள்ளிகளில் தங்கிப் படிக்க, பெற்றோரின் வருமானத்துக்கு ஏற்பக் கல்வித் துறை கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வதே அதன் முறை. வருமானம் குறையக் குறைய அரசின் பங்கு கூடும். மிகக் குறைந்த வருமானக் குடும்பம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. தற்போது இத்திட்டத்தில் எட்டுப் பள்ளிகள் உள்ளன. நான்கு இசைக்கு, நான்கு நடனத்துக்கு: லண்டனின் ராயல் பாலே பள்ளி, பர்மிங்காமின் எல்ம்ஹர்ஸ்ட் பாலே பள்ளி, செஸ்டரின் ஹாமண்ட் பள்ளி, ஹார்ட்ஃபோர்ட்ஷையரின் டிரிங் பார்க். இசை, நடனம் இரண்டுக்கும், வார இறுதி மையங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டுக்குச் சற்று மேல் ஒதுக்கப்படுகிறது.

ராயல் பாலே பள்ளியை 1926-இல் நினெட் டி வலுவா தொடங்கினார். அதன் கீழ்ப்பள்ளி 1955 முதல் ரிச்மண்ட் பூங்காவுக்குள், மான்கள் மேயும் வெளியின் நடுவே நிற்கும் ஒயிட் லாட்ஜ் என்ற பழைய அரச வேட்டை மாளிகையில் இயங்குகிறது. பதினோரு வயதுப் பிள்ளைகள் அங்கே தங்கி, காலையும் மாலையும் நடனமும் இடையில் கணிதமும் வரலாறுமாக ஐந்தாண்டுகள் கழிக்கிறார்கள். பதினாறில் தேறுவோர் கோவன்ட் கார்டனில் உள்ள மேல்பள்ளிக்குப் போவார்கள். 2003-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தையும் தெருவுக்கு எதிரே, ராயல் பாலே குழு ஆடும் அரங்கமான ராயல் ஆப்பரா ஹவுஸையும், முறுக்கிவிட்ட கண்ணாடிப் பாலம் ஒன்று நான்காம் மாடி உயரத்தில் இணைக்கிறது. பள்ளியிலிருந்து குழுவுக்குக் தெருவில் இறங்காமலேயே நடந்து போகலாம். கட்டடக் கலைஞர்கள் சில நேரம் கல்விக் கொள்கையைப் பேச்சாளர்களைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள்.

இத்தகைய விடுதிப் பள்ளிகளின் முழுக் கட்டணம் ஆண்டுக்கு 30,000 பவுண்டைத் தாண்டும். திட்டம் இல்லையென்றால் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே படித்திருப்பார்கள். திட்டம் இருப்பதால் நடுத்தர, எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இதை மறுக்க இடமில்லை. ஆனால் கேள்வி இங்கே தொடங்குகிறது: தேர்வு நாளன்று அந்தப் பிள்ளை அங்கே எப்படி வந்து நிற்கிறது?

பதினோரு வயதில் நடக்கும் தேர்வில் ஆசிரியர்கள் பார்ப்பது அடவுகளின் எண்ணிக்கையை அன்று. இடுப்பு எவ்வளவு திரும்புகிறது, பாதத்தின் வளைவு எப்படி, முதுகெலும்பு எப்படி மடங்குகிறது, இசைக்குக் காது எப்படி என்பனவே. அனுபவமில்லாத பிள்ளையையும் திறமை இருந்தால் எடுப்போம் என்று பள்ளிகள் சொல்வது பொய்யன்று. ஆயினும் விண்ணப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் பெற்றோருக்கு எங்கிருந்து வரும்? தேவாலயக் கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ வாரம் இருமுறை வகுப்பு எடுக்கும் உள்ளூர் ஆசிரியையிடமிருந்துதான் வரும். அந்த வகுப்புக்குக் கட்டணம் உண்டு. ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் நடத்தும் படிநிலைத் தேர்வுகளுக்குக் கட்டணம் உண்டு. தேர்வுக்கென்று தனி உடை, காலணி, மேடை நிகழ்ச்சிக்கு வேறு உடை என்று அது நீளும். நான்கு வயதில் தொடங்கிய பிள்ளை பதினோரு வயதில் தேர்வுக்கு வரும்போது, அதன் பின்னால் ஏழாண்டுத் தனியார் செலவு நிற்கிறது. அரசின் பணம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதாவது, முதல் வடிகட்டலைக் குடும்பத்தின் பணப்பை செய்துமுடித்துவிடுகிறது. எஞ்சியவர்களில் திறமைசாலிகளை அரசு தாங்குகிறது.

இந்த ஓட்டையை ராயல் பாலே குழுவே உணர்ந்திருந்தது. 1991-இல் அது தொடங்கிய 'சான்ஸ் டு டான்ஸ்' என்ற திட்டம், லண்டனின் எளிய பகுதிகளில் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்கு நேரே சென்று பிள்ளைகளைப் பார்த்து, இலவச வாராந்திர வகுப்பும் காலணியும் உடையும் தந்தது. பிரிக்ஸ்டனில் வளர்ந்த ஷெவெல் டைனாட் சிறு வயதில் அப்படிக் கண்டெடுக்கப்பட்டவர். ராயல் பாலே பள்ளியில் படித்து, இங்கிலிஷ் நேஷனல் பாலே என்ற குழுவில் பல ஆண்டுகள் ஆடினார். பெற்றோர் நடன வகுப்பைத் தேடிப் போகாத வீட்டில் பிறந்த பிள்ளையை, வகுப்பு தேடி வந்தது.

அண்மையில் முதல் கதவின் மேல் புதிய சுமை ஒன்று ஏறியிருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின் மேல் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்படுகிறது. இந்த எட்டுப் பள்ளிகளும் சட்டப்படி தனியார் பள்ளிகளே. சராசரிக்குக் குறைந்த வருமானக் குடும்பங்களின் பங்கு இதனால் உயராதபடி அரசு நல்கையைச் சரிசெய்தது. அதற்குச் சற்று மேலே நிற்கும் குடும்பங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. செவிலியரும் பள்ளி ஆசிரியருமாக இருவரும் சம்பாதிக்கும் வீடுகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நிற்கின்றன.

இரண்டாம் கதவு: பதினாறு வயது

1999-இல் டோனி பிளேரின் அரசு, நடனம், நாடகம் இரண்டுக்குமான நடன நாடக விருதுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாவட்டத்துக்கு ஒரு நீதி என்ற பழைய குழப்பத்துக்கு முடிவுகட்டுவதே நோக்கம். பதினாறு முதல் இருபத்து மூன்று வயது வரை உள்ள மாணவர், அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளியொன்றில் டிரினிட்டி காலேஜ் லண்டன் என்ற தேர்வு அமைப்பின் தொழில்முறைப் பட்டயத்துக்குப் படித்தால், நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் ஒரே விதி. பள்ளிகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் இத்தனை விருது என்று ஒதுக்கப்பட்டது. யாருக்குக் கொடுப்பது என்பதைப் பள்ளியே தேர்வு நடத்தி, திறமையின் அடிப்படையில் முடிவு செய்தது. விருது பெற்றவர் பல்கலைக்கழக மாணவர் செலுத்தும் அளவுக்கு ஒரு சிறு பங்கைச் செலுத்தினால் போதும். மீதியை அரசு ஏற்றது.

மாவட்ட வேறுபாடு ஒழிந்தது உண்மை. ஆனால் புதிய வேறுபாடு ஒன்று வகுப்பறைக்கு உள்ளேயே வந்து உட்கார்ந்தது. ஒரே வகுப்பில் ஒரே பயிற்சிக் கம்பியைப் பிடித்து நிற்கும் முப்பது பேரில் சிலர் விருது பெற்றவர்கள், மற்றவர்கள் முழுக் கட்டணத்தையும் தாங்களே செலுத்துபவர்கள். தேர்வில் அரை மதிப்பெண் வித்தியாசம், மூன்றாண்டில் முப்பதாயிரம் பவுண்டு வித்தியாசமாக மாறியது. திறமையை மட்டும் பார்த்த முறை வருமானத்தைப் பார்க்கவில்லை என்பதால், வசதியான குடும்பத்து மாணவர் ஏறக்குறைய இலவசமாகப் படிக்க, வசதியற்ற குடும்பத்து மாணவர் வங்கிக் கடனில் படிக்கும் நிலையும் நேர்ந்தது. இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. பதினாறு வயதில் எடுப்பாகத் தெரிவது பெரும்பாலும் அதுவரை கிடைத்த பயிற்சியின் தரம், அந்தத் தரம் பெரும்பாலும் பெற்றோரின் செலவு, என்ற எளிய கணக்கே காரணம்.

2013-இல் விதி மாறியது. தேர்வில் தேறுவது முதல் நிபந்தனையாகத் தொடர்ந்தது. ஆனால் உதவித்தொகையின் அளவு குடும்ப வருமானத்தைப் பொறுத்ததாயிற்று. ஆண்டு வருமானம் 90,000 பவுண்டுக்கு மேற்பட்ட குடும்பங்கள் விலக்கப்பட்டன. அதற்குக் கீழே படிப்படியாகக் கட்டண உதவி கூடியது. குறைந்த வருமானத்தினருக்கு வாழ்க்கைச் செலவுக்கும் ஒரு தொகை சேர்ந்தது. இந்த மாற்றத்தை நான் சரியானதென்றே கருதுகிறேன். திறமைக்கான பரிசு என்ற பெருமை குறைந்தது என்று அப்போது வருந்தியவர்கள் இருந்தார்கள். அரசு நிதியின் வேலை பெருமை சேர்ப்பது அன்று.

செலவைக் கட்டணமாக மட்டும் பார்ப்பதும் பிழை. பதினாறு வயதில் வீட்டை விட்டு லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ வரும் மாணவிக்கு வாடகை, உணவு, போக்குவரத்து எல்லாம் சேர்ந்து கட்டணத்தை நெருங்கும். விரல் நுனியில் நின்று ஆட அணியும் பாயின்ட் ஷூ ஒரு இணை சுமார் 50 பவுண்டு. துணியையும் காகிதத்தையும் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யப்படும் அதன் முனை, வியர்வையில் ஊறி, சில நாள் கடும் ஒத்திகையிலேயே தளர்ந்துவிடும். முனை தளர்ந்த காலணியோடு விரல் நுனியில் ஏறினால் கணுக்கால் மடியும். எனவே மாணவியர் முனைக்குள் அரக்குக் கரைசலை ஊற்றி உலர்த்தி, இன்னும் இரண்டு வகுப்பு தாங்காதா என்று பார்ப்பார்கள். நாடா, மீள்பட்டை எல்லாவற்றையும் தாங்களே தைத்துக்கொள்வார்கள். இந்தச் செலவு எந்த விண்ணப்பப் படிவத்திலும் தனி இனமாக வராது. பகுதிநேர வேலைக்குப் போகலாமே என்றால், காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஆறு வரை உடலை வருத்தியவர் இரவில் உணவகத்தில் தட்டு சுமக்கும்போது காயங்கள் ஆறுவதில்லை.

இன்னொரு நகர்வும் இக்காலத்தில் நடந்தது. பட்டயத்துக்கு விருதுகள் எண்ணிக்கையில் குறைவு. பட்டப்படிப்புக்கோ கல்விக்கடன் எல்லோருக்கும் கிடைக்கும். எனவே பல நடனப் பள்ளிகள் பல்கலைக்கழகங்களோடு இணைந்து தங்கள் பயிற்சியைப் பட்டமாக மாற்றிக்கொண்டன. பர்ட் கல்லூரி கிரீனிச் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது ஓர் எடுத்துக்காட்டு. 2012 முதல் பல்கலைக்கழகக் கட்டணம் 9,000 பவுண்டாக உயர்ந்தபோது, மாணவர் அந்தத் தொகையைக் கடனாகப் பெற்றுப் படிக்க முடிந்தது. பள்ளிக்கும் நிலையான வருவாய் கிடைத்தது. ஆனால் கட்டுரை எழுதுவதும் ஆய்வேடு சமர்ப்பிப்பதும் பாடத்திட்டத்தில் ஏறின. தொடங்கும் வயது பதினெட்டுக்குத் தள்ளிப்போனது. சமகால நடனத்துக்கு இது பெரிய இடையூறு அன்று. பாலேக்கு இரண்டாண்டு தாமதம் மிகப் பெரியது. நிதி எந்த வடிவில் வருகிறதோ அந்த வடிவுக்குக் கலைப் பயிற்சி தன்னை வளைத்துக்கொள்ளும் என்பதை நடைமுறையில் காண விரும்புவோர் இதைவிட நல்ல சான்றைத் தேட வேண்டியதில்லை.

மூன்றாம் கதவு: சனிக்கிழமை

2004-இல் தொடங்கிய உயர்பயிற்சி மையங்களைப் பற்றிப் பத்திரிகைகள் அதிகம் எழுதுவதில்லை. மாளிகை இல்லை, கண்ணாடிப் பாலம் இல்லை. லண்டனின் டிரினிட்டி லாபன், தி பிளேஸ், பர்மிங்காம், லீட்ஸ், நியூகாசிலின் டான்ஸ் சிட்டி, சால்ஃபர்டின் தி லோரி, ஸ்விண்டன், இப்ஸ்விச், நாட்டிங்காம் என்று நாடெங்கும் பரவிய நடன நிலையங்களில், பத்து பதினோரு வயது முதல் பதினெட்டு வரை உள்ள பிள்ளைகள் சனி ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும் கூடி, தொழில்முறைத் தரத்தில் பயிற்சி பெறுகிறார்கள். வீட்டிலேயே இருக்கிறார்கள், தத்தம் ஊர்ப் பள்ளியிலேயே படிக்கிறார்கள். நிதி இசை நடனத் திட்டத்திலிருந்தே வருகிறது. குடும்ப வருமானத்துக்கு ஏற்ப நல்கை. தொலைவிலிருந்து வருவோரின் பயணச் செலவுக்கும் உதவி உண்டு.

முக்கியமான வேறுபாடு தேர்வு முறையில் உள்ளது. தேர்வு நாளில் பிள்ளைகளின் மார்பில் எண் குத்தப்படுவது எங்கும் உள்ளதுதான். ஆனால் இங்கே அவர்கள் கற்றுவந்த உருப்படியை ஆடிக்காட்டச் சொல்லி அதோடு அனுப்பிவிடுவதில்லை. முழு வகுப்பொன்றை நடத்துகிறார்கள். புதிய அசைவொன்றைக் கற்றுக்கொடுத்து, அதை எவ்வளவு விரைவில் உடல் வாங்கிக்கொள்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரு சிறு கருத்தைக் கொடுத்து நீயே அசைவு உருவாக்கு என்கிறார்கள். திருத்தம் சொன்னதும் பிள்ளை என்ன செய்கிறது என்பதைக் கவனிக்கிறார்கள். நேற்றுவரை என்ன கற்றாய் என்பதைவிட நாளை என்ன கற்பாய் என்பதே கேள்வி. முறையான வகுப்புக்கே போகாமல் தெருவிலும் கைப்பேசியிலும் பார்த்து ஆடிய பையனும் இதில் தேற முடியும். குடும்பத்தின் ஏழாண்டுச் செலவு இங்கே கட்டாய நுழைவுச்சீட்டு அன்று.

பிபிசி 2015-இல் முதன்முறையாக நடத்திய இளம் நடனக் கலைஞர் போட்டியில் வென்ற கானர் ஸ்காட், வடகிழக்கில் உள்ள ப்ளைத் என்ற துறைமுக ஊரைச் சேர்ந்தவர். நியூகாசிலின் டான்ஸ் சிட்டி உயர்பயிற்சி மையத்தில் பயின்று, பிறகு லண்டனின் ராம்பர்ட் நடனப் பள்ளிக்குப் போனவர். ப்ளைத்திலிருந்து ரிச்மண்ட் பூங்கா நானூறு கிலோமீட்டருக்கும் மேல். நியூகாசில் இருபது கிலோமீட்டர்தான். பதினோரு வயது மகனை விடுதிக்கு அனுப்பத் துணியாத ஒரு குடும்பம், சனிக்கிழமைதோறும் பேருந்தில் ஏற்றிவிடத் தயங்காது.

இம்மையங்களில் பயின்ற பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, டிரினிட்டி லாபனின் ஆய்வாளர்கள் நீண்ட ஆய்வொன்றை நடத்தினார்கள். இடையில் விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்று கேட்டதன் முடிவு 2012-இல் வெளியானது. பள்ளிப்பாடமும் பிற ஈடுபாடுகளும் நேரத்துக்குப் போட்டியிட்டது, எதிர்கால விருப்பம் மாறியது, வகுப்பின் உள்ளடக்கம் பிடிக்காதது, நண்பர்கள் அமையாதது, ஆர்வம் வற்றியது ஆகியவையே முதன்மைக் காரணங்களாக வந்தன. காயமும் பணமும் எதிர்பார்த்த அளவுக்கு முன்னே வரவில்லை. இதை இருவிதமாகப் படிக்கலாம். பணம் தடையே இல்லை என்று படிப்பது பிழை. நல்கை இருந்ததால் அந்தத் தடை அங்கே முன்வரிசைக்கு வரவில்லை என்பதே பொருத்தமான வாசிப்பு. கூடவே, பதினான்கு வயதில் விலகும் பிள்ளை சிறப்புப் பள்ளியையோ விடுதியையோ இழக்கவில்லை. ஒரு சனிக்கிழமை வகுப்பை மட்டுமே இழக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது.

விடுதிப் பள்ளிகளில் அப்படி இல்லை. ஆண்டு மதிப்பீட்டில் இனி இவள் பாலேக்கு ஏற்றவள் அல்லள் என்று முடிவானால், பதின்மூன்று வயதுச் சிறுமி ஒரே நேரத்தில் பள்ளி, தோழியர், விடுதி, நல்கை எல்லாவற்றையும் விட்டு ஊர் திரும்ப வேண்டிய நடைமுறை பல ஆண்டுகள் நிலவியது. 2023-இல் பிபிசி ஒளிபரப்பிய விசாரணை நிகழ்ச்சியில் முன்னாள் மாணவியர் சிலர், உடல் எடை பற்றிய ஏச்சுகளாலும் இந்த அச்சத்தாலும் உண்டான மனக்காயங்களைப் பற்றிப் பேசினார்கள். அரசின் நல்கை பெறும் இடங்களில் அந்த நல்கையோடு சேர்த்து மாணவரின் உடல், மன நலத்துக்கான பொறுப்பும் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும் என்ற கோரிக்கைக்கு அதன்பின் வலு கூடியது. கணக்குத் தணிக்கை செய்வது போல இதையும் தணிக்கை செய்ய முடியும்.

பரதம் படிக்கும் பிள்ளை இந்தப் பாதையில் எங்கே நிற்கிறது?

இந்தக் கேள்வி தமிழ் வாசகர்களுக்காக ஒட்டவைத்தது அன்று. உயர்பயிற்சி மையங்களின் வலையமைப்பில் 'யுவ கதி' என்ற பெயரில் தெற்காசிய நடனத்துக்கென்று ஒரு தேசியப் பிரிவே உண்டு. பர்மிங்காமின் டான்ஸ்எக்ஸ்சேஞ்ச் நிறுவனமும் தெற்காசியக் கலைகளுக்கான சம்பத் அமைப்பும் சேர்ந்து உருவாக்கியது அது. பரதமும் கதக்கும் பயிலும் பிள்ளைகள் நாட்டின் பல ஊர்களிலிருந்து வார இறுதிகளிலும் விடுமுறை முகாம்களிலும் கூடுகிறார்கள். கல்வித் துறையின் நல்கை அவர்களுக்கும் பாலே பிள்ளைகளுக்கு உள்ளதே.

இதன் பொருளை உணர, லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் பரதம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை அமைத்தபோது, மொழி வகுப்புக்குப் பக்கத்து அறையிலேயே நடன வகுப்பும் வந்தது. ஆசிரியர்கள் பலர் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ முறையாகக் கற்றவர்கள். ஆனால் இடம் வாடகைக்கு எடுத்த பள்ளிக் கூடம். தரை சிமெண்டின் மேல் ஒட்டிய விரிப்பு. அரைமண்டியில் இருந்து தட்டடவை மூன்று காலத்தில் மிதிக்கும் பிள்ளையின் முழங்காலும் கணுக்காலும் அந்தத் தரையின் கடினத்தை நேராக வாங்கிக்கொள்கின்றன. உயர்பயிற்சி மையத்தின் அரங்கில் அடியில் இடைவெளி விட்டு அமைத்த மரத்தளம் உண்டு. மிதித்தால் சற்றே இறங்கி அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். உடலியக்க நிபுணர் முழங்காலின் வலிமையை அளந்து, எந்தத் தசையைப் பலப்படுத்த வேண்டும் என்று சொல்கிறார். நம் ஆசிரியர்களின் அறிவில் குறையொன்றும் இல்லை. அவர்களுக்கு இல்லாதிருந்தது தரையும் நிபுணரும்தான்; இரண்டும் பணத்தால் வருபவை.

குடும்பங்கள் செலவழிக்காமலும் இல்லை. அரங்கேற்றத்துக்கு அரங்கு, சென்னையிலிருந்து வரவழைக்கும் பக்கவாத்தியக் கலைஞர்கள், உடை, நகை, விருந்து எனப் பல ஆயிரம் பவுண்டு ஒரே மாலையில் செலவாகிறது. பெரும்பாலான மாணவியருக்கு அந்த மாலையே நடன வாழ்வின் உச்சமும் முடிவும். அதன்பின் மருத்துவம், கணக்கியல், சட்டம். பெற்றோரைக் குறைசொல்லி எழுதுவது எளிது. பதினெட்டு வயதுக்குப் பிறகு அந்நாட்டில் பரதத்துக்கென்று நிதியுதவியோடு கூடிய முழுநேரத் தொழில்முறைப் பள்ளி எது என்று கேட்டால், காட்ட ஒன்று இல்லை. நடன நாடக விருதுத் திட்டத்தின் பட்டயங்கள் பாலே, சமகால நடனம், இசைநாடகம் ஆகியவற்றைச் சுற்றி அமைந்தவை. எனவே யுவ கதியில் ஏழாண்டு பயின்ற மாணவிக்கு முன் இருப்பவை, லீட்ஸிலோ லண்டனிலோ சமகால நடனப் பட்டத்தில் சேர்வது, அல்லது 1936-இல் தொடங்கப்பட்டு இப்போது சென்னைத் திருவான்மியூரில் இயங்கும் கலாக்ஷேத்திரத்தின் நான்காண்டுப் பட்டயத்துக்குக் கடல் கடப்பது, அல்லது வேறு தொழில் படித்துக்கொண்டு மாலையில் ஆடுவது.

வேடிக்கை என்னவென்றால், ஆடி முடித்தவர்களுக்கு அங்கே வேலை உண்டு. சென்னையில் பிறந்த ஷோபனா ஜெயசிங் 1988-இல் லண்டனில் தொடங்கிய நடனக் குழு, பரதப் பயிற்சி பெற்ற உடல்களை நம்பியே தன் மொழியை உருவாக்கிக்கொண்டது. கலைகளுக்கு அரசு நிதியைப் பகிர்ந்தளிக்கும் கலை மன்றத்தின் (ஆர்ட்ஸ் கவுன்சில்) நிதி அதற்குத் தொடர்ந்து கிடைத்தது. மேடைக்கு நிதி தருவது கலை மன்றம். பயிற்சிக்கு நிதி தருவது கல்வித் துறை. இரண்டும் வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ் வருகின்றன. கலை மன்றம் விரும்பிப் பார்க்கும் கலைஞரை உருவாக்கும் பொறுப்பு தன்னுடையது என்று கல்வித் துறை எண்ணுவதில்லை. கல்வித் துறை பதினெட்டு வயதில் விட்டுவிடும் மாணவியை ஏந்திக்கொள்ளும் பொறுப்பு தன்னுடையது என்று கலை மன்றமும் எண்ணுவதில்லை. பாலேயில் இந்த விரிசல் தெரிவதில்லை, ஏனெனில் பள்ளிகளும் குழுக்களும் நூறாண்டுப் பழக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பரதத்தில் அது பளிச்சென்று தெரிகிறது.

மதிப்பீடும் எஞ்சியிருப்பதும்

ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவை வைத்துப் பார்த்தால் விடுதிப் பள்ளி நல்கையே மிக அதிகம். அது உருவாக்கும் கலைஞர்களின் தரமும் உலகம் அறிந்தது. அதைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் புதிதாக ஒரு பவுண்டு கிடைத்தால் அது சனிக்கிழமை மையங்களுக்கும், அவற்றுக்கும் முந்தைய கட்டமான தொடக்கப் பள்ளி வகுப்புகளுக்குமே போக வேண்டும். அங்கேதான் நடன வகுப்பின் பக்கமே வராத வீடுகளின் பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினாறு வயதுத் திட்டத்தில் வருமானக் கணக்கு நியாயமாகவே இருக்கிறது. அதன் பட்டியலில் எந்த நடன வகைகள் இடம்பெறுகின்றன என்பதே மறுபரிசீலனைக்கு உரியது. யுவ கதிக்குப் பின் ஒரே ஒரு முழுநேரப் பட்டயம், ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு இடங்களோடு இருந்தாலே அந்தப் பாதை நிறைவடையும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகத் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. இசை நடனத் திட்டத்துக்கான தொகையை அரசு அண்மை ஆண்டுகளில் ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் தனித்தனியாகவே அறிவித்து வருகிறது. பதினோரு வயதில் சேரும் பிள்ளைக்கு முன்னால் இருப்பது குறைந்தது ஐந்தாண்டுப் பயிற்சி. அடுத்த ஆண்டுக்கு மேல் உறுதியில்லாத நல்கையை நம்பி, வருமானம் குறைந்த குடும்பம் ஒன்று மகளை விடுதியில் சேர்க்கவோ, வார இறுதி வேலையை விட்டுவிட்டு அவளை மையத்துக்கு அழைத்துச் செல்லவோ முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சேரும் பிள்ளைக்குப் பயிற்சி முடியும்வரை நல்கை உண்டு என்று சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதித் தருவதற்குப் பெருந்தொகை எதுவும் தேவையில்லை. பல ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி போதும்.